நாற்பது நிமிடமும் இடது கால் பெருவிரலும்

பள்ளிக்கூடத்தில் இப்போது எல்லோரும் முதலில் என் இடது காலைப் பார்க்கிறார்கள், பிறகுதான் முகத்தைப் பார்க்கிறார்கள். "விரலை எடுத்துட்டாங்களாமே டீச்சர், என்னாச்சு?" என்று கேட்கிறார்கள். "சுகர்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறேன். அது பொய் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் என்னைப் படுத்தியெடுத்தது சர்க்கரை மட்டும் இல்லை, ஒரு வீடியோ மீட்டிங்கும் சேர்ந்துதான். அந்த மீட்டிங் கதையையும் சேர்த்துச் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் அடங்கும்.

நான் பூந்தமல்லியில் கணக்கு டீச்சர். பெயர் மெஹருன்னிசா. பதினோரு வருடமாகச் சர்க்கரை உண்டு. மாத்திரை ஒழுங்காகப் போடுவேன், அளவு பார்க்கத்தான் சோம்பேறித்தனம். ஒரு நாள் நோட்டீஸ் போர்டில் தேர்வு அட்டவணை குத்தும்போது ஒரு பின் கீழே விழுந்திருக்கிறது. அது என் செருப்பைத் துளைத்து இடது பெருவிரலுக்குள் ஏறியிருக்கிறது. அதோடு ஆறு பீரியட் நின்று பாடம் நடத்தி, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். தரையில் பொட்டுப் பொட்டாக ரத்தம் இருந்தது. யாருக்கு அடிபட்டது என்று வீட்டில் கேட்டதே நான்தான்.

என் வீட்டுக்காரர் அன்வர் ஆவடியில் தொழிற்சாலை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர்தான் என் செருப்பைத் திருப்பிப் பார்த்துப் பின்னைப் பிடுங்கினார். பிடுங்கியதும் எனக்கு வலிக்கவில்லை. அப்போதே பயந்திருக்க வேண்டும். நானோ பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு இன்னும் ஐந்து நாள் பள்ளிக்கூடம் போனேன். ஆறாம் நாள் விரல் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்து, வாடையும் வந்து, குளிர்காய்ச்சலும் வந்தது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு அம்பத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அயனம்பாக்கம் ஏரிப்பக்கம் போகிறவரை "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், அதற்குப் பிறகு டிரைவரிடம் "சீக்கிரம், சீக்கிரம்" என்று சொல்ல ஆரம்பித்தார்.

அன்று ஒரு நாளில் உட்கார்ந்த பெஞ்சுகளுக்குக் கணக்கில்லை. ரத்தம் எடுக்க ஒரு பெஞ்ச், எக்ஸ்ரேவுக்கு ஒரு பெஞ்ச், இன்சூரன்ஸ் கவுண்டரில் ஒரு பெஞ்ச். எல்லா இடத்திலும் ஆதார் கார்டு நகல் கேட்டார்கள். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும் ஒரு டெஸ்ட் இருக்கிறது. நேற்று ஒரு நாள் பட்டினி கிடந்து ஏமாற்றினாலும் அதில் மாட்டிக்கொள்வோம். நான் மாட்டிக்கொண்டேன். டாப்ளர் என்றால் காலில் குளிர்ச்சியாகப் பசை தடவி, ரத்தம் ஓடுகிறதா என்று காதால் கேட்பது. 'புஸ் புஸ்' என்று சத்தம் வந்தது. "நல்லா ஓடுது" என்றார் அந்தப் பெண். அன்றைக்குக் கிடைத்த நல்ல செய்தி அது ஒன்றுதான். சீழில் கொஞ்சம் எடுத்து, எந்த மருந்துக்குக் கிருமி சாகும் என்று வளர்த்துப் பார்க்கவும் அனுப்பினார்கள்.

மறுநாள் காலை சர்ஜன் எக்ஸ்ரேவைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். விரல் எலும்பின் நுனி கரையான் அரித்த மாதிரி இருந்தது. "எலும்புக்குள்ள சீழ் போயிடுச்சும்மா. விரலை எடுத்துடணும். இப்ப எடுத்தா விரலோட நிக்கும். தள்ளிப்போட்டா பாதம்னு சொல்வேன், அப்புறம் முழங்காலுக்குக் கீழன்னு சொல்வேன். இன்னிக்கு நாளைக்குள்ள முடிவு சொல்லுங்க" என்றார். அவர் போனதும் டியூட்டி சிஸ்டர் வந்து, என் காலில் சிவப்பு எதுவரை ஏறியிருக்கிறதோ அதைச் சுற்றி மார்க்கரால் ஒரு கோடு போட்டார். சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டினால் கிருமி மேலே ஏறுகிறது என்று அர்த்தம். முப்பது வருடமாகக் கரும்பலகையில் கோடு போட்டவளுக்கு யாரோ கோடு போட்டுவிட்டுப் போனார்கள்.

உடனே சரி என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கலாம். போடவில்லை. அதற்குக் காரணத்தைச் சொல்ல வேண்டும்.

நாங்கள் நான்கு பேர். பெரியண்ணன் மலேசியாவில் ஈப்போவில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார். அடுத்தது ரஹீமா அக்கா, துபாயில் மகன் வீட்டில் இருக்கிறார். மூன்றாவது சின்னண்ணன் ஜாஃபர், நியூ ஜெர்சியில் கம்ப்யூட்டர் வேலை. கடைசி நான். கொரோனாவில் விமானமெல்லாம் நின்றுபோன சமயத்தில் அம்மாவுக்கு மூச்சுத் திணறல் வந்தது. தொண்டைக்குள் குழாய் போட்டால் பிழைக்க வாய்ப்பு உண்டு, உடனே சொல்லுங்கள் என்றார்கள். அண்ணன்கள், அக்கா மூன்று பேருக்கும் போன் போட்டேன். ஒருவருக்கும் லைன் கிடைக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். குழாயோடு நான்கு நாள் இருந்து அம்மா போய்விட்டார். அடக்கம் நடந்ததை மற்றவர்கள் போனில்தான் பார்த்தார்கள். அன்று மாலை எல்லோரும் லைனில் இருக்கும்போதே பெரியண்ணன் கேட்டார், "எங்களைக் கேக்காம எப்படி குழாய் போடச் சொன்னே? அது இல்லன்னா அம்மா கடைசியா எங்கிட்ட ஒரு வார்த்தை பேசியிருக்கும்."

அந்தக் கேள்விக்குப் பதிலாக நான் மீட்டிங் ஒன்றை ஆரம்பித்தேன். வெள்ளிக்கிழமைதோறும் அந்தி நேர மஃரிப் தொழுகை முடிந்து, எங்கள் நேரம் ஏழு மணிக்கு வீடியோவில் நால்வரும் சேர வேண்டும். டீச்சர் இல்லையா, விதிமுறையும் எழுதிக் குரூப்பில் போட்டேன். மூத்தவர் முதலில், வயது வரிசைப்படி பேச வேண்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் மைக்கை மூட வேண்டும். பெரிய விஷயம் எதுவானாலும் நான்கு பேரும் சரி என்றால்தான் சரி. இனி ஒருத்தரும் என்னைப் பார்த்து 'எங்களைக் கேக்காம' என்று சொல்லக்கூடாது, அவ்வளவுதான் என் எண்ணம்.

அந்த மீட்டிங்கைக் குறை சொல்லவும் மனசில்லை. நாலு ஊரில் கிடந்தவர்கள் வாரம் ஒரு முறை முகம் பார்த்துக்கொண்டோம். அம்மா வீட்டை விற்றது, அக்கா பேத்தியின் கல்யாணம் எல்லாம் அதில்தான் முடிவானது. ஒரே ஒரு தொல்லை. இலவசக் கணக்கில் நாற்பது நிமிடம்தான், பிறகு தானாக அணைந்துவிடும். "காசு கட்டுறது வேஸ்ட்மா, கட்டானா திரும்ப சேர்ந்துக்கலாம்" என்பார் சின்னண்ணன். திரும்பச் சேர்ந்தது கிடையாது. பெரியண்ணனுக்கு லிங்க் கிடைக்காது, அக்கா தொழப் போய்விடுவார். கடைசியில் பேச வேண்டிய எனக்கு என்றைக்குமே நேரம் மிஞ்சாது. ஊர்க்கதைதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

என் விரல் விஷயத்திலும் அதேதான் நடக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள், அங்கேதான் கணக்கு டீச்சர் கோட்டை விட்டேன்.

அன்று ஏழு மணிக்கு அவசர மீட்டிங். என் வீட்டுக்காரர் கட்டில் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரியண்ணன் வந்தார், அதாவது அவருடைய நெற்றி வந்தது. "கேக்குதா? நான் தெரியறேனா?" என்பதில் மூன்று நிமிடம். பிறகு எனக்காகக் கையேந்தி துஆ ஓதினார், அதில் ஆறு நிமிடம். ஈப்போவில் சர்க்கரையால் இரண்டு காலும் போன ஒருவரின் கதையை ஆதியிலிருந்து சொன்னார். விரலை எடுக்கலாமா கூடாதா என்று மட்டும் சொல்லவில்லை. அடுத்து அக்கா. "வெட்டறதுக்கு ஏன்டி அவசரப்படறாங்க? கருஞ்சீரக எண்ணெய் போட்டு எத்தனை பேருக்கு ஆறியிருக்கு" என்று ஆரம்பித்தார். அக்காவின் பேரன் நடுவில் வந்து எனக்கு சலாம் சொல்லி, ஒரு பாட்டும் பாடினான். சின்னண்ணன் வந்ததும் திரையில் ஒரு பட்டியல் விரிந்தது. ஆப்ஷன் ஏ, ஆப்ஷன் பி, ஆப்ஷன் சி என்று என் விரலுக்கு ஸ்லைடு தயார் செய்திருந்தார். மூன்றாவது ஸ்லைடில் திரை அணைந்தது.

பக்கத்துக் கட்டிலில் செல்வி என்று ஒரு பெண். திருமழிசையில் ஒரு பட்டறையில் வேலை. வலது கையில் பெரிய கட்டு. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே படுத்திருந்தாள்.

"இன்னா டீச்சர், உங்க ஊட்டு சட்டசபை முட்ஞ்சிதா?"

"நாளைக்கு ஒத்தி வெச்சிருக்கு" என்றேன்.

மறுநாள் சர்ஜன் ரவுண்ட்ஸ் வந்தபோது, "டாக்டர்கிட்ட நாங்களே பேசணும்" என்று மூன்று பேரும் ஆன்லைனில் காத்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் டாக்டர் முகத்துக்கு நேராகப் போனை நீட்டினார். டாக்டர் நல்ல மனிதர், நின்றார். பெரியண்ணன் முறைப்படி சலாம் சொல்லி, குடும்பத்தை மூத்தவரிலிருந்து அறிமுகப்படுத்த ஆரம்பித்தார். சின்னண்ணன் இடையில் எம்ஆர்ஐ எடுத்தீர்களா என்றார். அக்கா மைக்கை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் ஆவேசமாகப் பேசினார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. டாக்டர் என்னைப் பார்த்து, "நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் போனிலிருந்து சின்னண்ணன் குரல், "டாக்டர், ஒன் மினிட், அவ கடைசியில பேசுவா." டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அன்று மாலை மீட்டிங்கைப் பற்றிச் சொல்லவே எரிச்சலாக இருக்கிறது. பெரியண்ணன் முந்தின நாள் பேசியதை மறந்துவிட்டு ஈப்போக்காரர் கதையை மறுபடி முதலிலிருந்து சொன்னார். அக்கா, எண்ணெயை ஒருவர் கையில் கொடுத்தனுப்புவதாகச் சொன்னார். சின்னண்ணன் அமெரிக்காவில் ஒரு டாக்டர் நண்பரைக் கேட்டிருப்பதாகவும், அவர் பதில் வரும்வரை பொறுக்கலாம் என்றும் சொன்னார். ஒரு பீரியடும் நாற்பது நிமிடம்தான். அதில் நான் வருகைப் பதிவு எடுத்து, வீட்டுப்பாடம் திருத்தி, ஒரு தேற்றத்தையும் நிரூபித்துவிட்டு வந்திருக்கிறேன். என் உடன்பிறந்த மூன்று பேரால் ஒரு விரலை முடிவு செய்ய முடியவில்லை. என் முறை வந்தது. "அண்ணே, நான் என்ன சொல்றேன்னா" என்றேன். அணைந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் போனைப் பையில் போட்டுவிட்டு ஆரஞ்சு உரிக்க ஆரம்பித்தார். கொட்டை எடுத்து, நார் எடுத்து, சுளை சுளையாகத் தட்டில் வைத்தார். அவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. என் அண்ணன்மாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத மனுஷன்.

விடியற்காலையில் சிஸ்டர் போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தது. இரண்டு விரற்கடை தாண்டியிருந்தது. சிஸ்டர் மார்க்கரை எடுத்து மேலே இன்னொரு கோடு போட்டார்.

எனக்குப் பயமாக இருந்தது. கத்தியை நினைத்துப் பயந்தேன். அதைவிட, நானே முடிவெடுத்து ஏதாவது ஒன்று ஆகிப்போனால் மறுபடியும் அந்தக் கேள்வி வருமே என்று பயந்தேன். அழுகை வந்தது. செல்வி இடது கையால் பிளாஸ்கைத் திறந்து எனக்கு டீ ஊற்றினாள். சர்க்கரை இல்லாத டீ. எனக்காகவே கேன்டீனில் சொல்லி வாங்கி வைத்திருக்கிறாள்.

"என் கைக்கு எவனும் மீட்டிங் போடல டீச்சர். மிசின் கட்ச்சிது, சூப்ரவைசர் கையெழுத்து போட்டாரு, ரெண்டு வெரலு எட்த்துட்டாங்க. கண்ணு முழிச்சி பாக்கறேன், மூணுதான் கீது. உங்களை கேட்டுகினாச்சும் கீறாங்களே."

"என்னை எங்க செல்வி கேக்கறாங்க? அவங்களுக்குள்ள கேட்டுக்கறாங்க."

"அப்ப காலு யாருது, அவங்களுதா?"

எட்டு மணிக்கு என் வீட்டுக்காரர் இட்லியும், நான் மறந்துவிட்டு வந்த படிக்கிற கண்ணாடியும் எடுத்துக்கொண்டு வந்தார். கண்ணாடியைப் போட்டேன். சம்மதப் படிவத்தைக் கொண்டுவரச் சொன்னேன்.

"அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாமே மெஹரு. அப்புறம் அன்னிக்கு மாதிரி ஆயிடப் போகுது" என்றார்.

"ஆகட்டும். நீங்களும் சொல்லாதீங்க. நான்தான் சொல்வேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து என்னுடையது மாதிரியே இல்லை.

மயக்கம் கொடுக்கவில்லை. கணுக்காலைச் சுற்றி ஊசி போட்டு மரத்துப்போக வைத்தார்கள். முன்னால் பச்சைத் துணியைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒன்றும் தெரியவில்லை, ஆனால் ஒரு சத்தம் கேட்டது. முருங்கைக்காயை ஒடிக்கிற மாதிரி ஒரு சத்தம். பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். மூன்றாம் முறை முடிப்பதற்குள், "முடிஞ்சுதும்மா, ஓரமெல்லாம் நல்ல ரத்தம் வருது, ஆறிடும்" என்றார் டாக்டர். குரூப்பில் மூன்று பேரும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 'டெஸ்ட் எடுக்கிறாங்க' என்று என் வீட்டுக்காரர் பதில் போட்டுச் சமாளித்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வழக்கமான மீட்டிங். போர்வைக்குள் கட்டுப்போட்ட காலோடு நானும் உட்கார்ந்தேன். விதிமுறைப்படியே நடக்கட்டும் என்று இருந்தேன். எனக்கும் வீம்பு உண்டு.

பெரியண்ணன் துஆ ஓதினார். ஈப்போக்காரர் மூன்றாம் முறையாக வந்தார். ஆனால் இம்முறை கதையின் கடைசிக்கு வந்துவிட்டார். அந்த மனிதர் முதலிலேயே விரலை எடுக்கவிடாமல் இழுத்தடித்ததுதான் காரணம் என்றார். "அதனால எடுத்துடட்டும். நான் சரிங்கறேன்" என்றார். அக்கா அழுதார், மூக்கைச் சிந்தினார், "உசுருதான் முக்கியம், சரி" என்றார். சின்னண்ணன் எட்டு ஸ்லைடு போட்டு, நண்பர் சொன்னதையும் வாசித்து, "சோ, ஆப்ஷன் ஏ, எடுத்துடலாம். சரி" என்றார். மூன்று நிமிடம் மிச்சமிருந்தது. "இப்ப மெஹரு சொல்லட்டும்" என்றார் பெரியண்ணன்.

"நேத்தே எடுத்தாச்சுண்ணே" என்றேன்.

போனை வாங்கிக் காலைக் காட்டினேன். கோடு தாண்டியதைச் சொன்னேன், டாக்டர் சொன்னதைச் சொன்னேன். பேசுகிறேனா கத்துகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. "மூணு நாளா என் கால் அழுகிட்டு இருந்துச்சு. எனக்கு முறை வரவேயில்ல" என்றேன். அக்காதான் முதலில் வாயைத் திறந்தார். "ஏன்டி, எங்களைக் கேக்காம" என்றார். அதோடு அணைந்துவிட்டது.

எந்த வார்த்தைக்குப் பயந்தேனோ அதே வார்த்தை. இத்தனை வருடம் கழித்து, அதே இரண்டு சொல். போனைப் போர்வையில் வீசிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். ஐந்து நிமிடத்தில் மணி அடித்தது. வீடியோ இல்லை, சாதா போன். பெரியண்ணன்.

"கட்டாயிடுச்சு மெஹரு."

"தெரியும்."

"வலிக்குதாம்மா?"

ஸ்லைடு போட்டார்கள், துஆ ஓதினார்கள், எண்ணெய் அனுப்பினார்கள். மூன்று மீட்டிங்கில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை. "வலிக்கல. அந்தக் கால்ல எனக்கு வலி தெரியாது. அதனாலதானே இவ்வளவும்" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதேன். நான் அழுது முடிக்கும்வரை அவர் காத்திருந்தார். பின்னால் கடையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

"உன் இடத்துல நான் இருந்தாலும் கையெழுத்துதான் போட்டிருப்பேன். நேத்துக்கும் சொல்றேன், அம்மாவுக்கும் சொல்றேன். அன்னிக்கு நான் அப்படிக் கேட்டது தப்பு. இத்தனை வருஷமா சொல்லணும்னு இருக்கேன், அந்த மீட்டிங்குல எங்க சொல்ல முடியுது" என்றார்.

எனக்குக் கோபம் போகவில்லை. "எங்கிட்ட தனியா சொல்லாதீங்கண்ணே. அன்னிக்கு எல்லாருக்கும் முன்னாடிதானே கேட்டீங்க. எல்லாருக்கும் முன்னாடி சொல்லுங்க" என்றேன்.

"சொல்றேன். அந்த லிங்க்கை மட்டும் மறுபடி அனுப்பு."

ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தேன். புண் காயப் பல வாரம் ஆனது. பெருவிரல் இல்லாமல் நடப்பதற்குப் பழக வேண்டும், உடம்பு ஒரு பக்கமாகச் சாய்கிறது. என் வீட்டுக்காரர் தினமும் சாயங்காலம் என் இரண்டு உள்ளங்காலையும் டார்ச் அடித்துப் பார்க்கிறார். செருப்பை உதறிவிட்டுத்தான் போட விடுகிறார். சர்க்கரை உள்ளவர்கள் இதைப் படித்தால் செய்ய வேண்டியதும் அதுதான். வலிக்கவில்லை என்பதை நம்பாதீர்கள்.

வீட்டுக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமை மீட்டிங்குக்கு முன்னால் குரூப்பில் விதிமுறையைத் திருத்திப் போட்டேன். இளையவர் முதலில். சின்னண்ணன் ஏன் என்று கேட்டார், லிங்க்கைப் போட்டேன். நான் ஐந்து நிமிடம் பேசினேன். என்னிடம் சொல்ல அவ்வளவுதான் இருந்தது. சின்னண்ணன் பதினைந்து, அக்கா பதினெட்டு. அக்கா முடித்தபோது இரண்டு நிமிடம் இருந்தது. பெரியண்ணன் அதுவரை மைக்கை மூடி, நெற்றியைக் காட்டியபடி உட்கார்ந்திருந்தார்.

"கேக்குதா?" என்றார்.

"கேக்குதுண்ணே" என்றோம் மூவரும்.

"அம்மாவுக்கு அன்னிக்கு மெஹரு செஞ்சதுதான் சரி. நான் கேட்டது தப்பு. நம்ம நாலு பேர்ல அவதான் அம்மா பக்கத்துல இருந்தா." போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். முழு முகமும் தெரிந்தது. கிழவராகிவிட்டிருந்தார்.

அதற்குப் பிறகும் நேரம் இருந்தது. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். சின்னண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். நான்கு பேருடைய மைக்கும் திறந்துதான் இருந்தது. நாற்பது நிமிடம் முடிகிறவரை யாரும் எதுவும் பேசவில்லை.